இமொஜீன் எடுக்காத டிக்கெட்டுகள்

மே மாதத்து முதல் சனிக்கிழமை டெர்பி குதிரைப் பந்தயம். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே லூயிவில் நகரத்தின் தெற்குப் பகுதியில் ஒருவருக்கும் புத்தி ஒரு நிலையில் இருக்காது. பல் வைத்தியர் இடுக்கியைப் பல்லில் வைத்துக்கொண்டே "எந்தக் குதிரை?" என்பார். வாயைப் பிளந்து கிடப்பவன் விரல்களால் எண் காட்டுவான். இறந்துபோன அத்தையின் பெயரில் ஒரு குதிரை ஓடுகிறது என்று அழுதுகொண்டே பணம் கட்டுகிறவர்கள் உண்டு. ஜாக்கியின் சட்டை நிறம் தன் வீட்டுச் சமையலறைச் சுவருக்குப் பொருந்துகிறது என்று கட்டுகிறவர்களும் உண்டு.

இமொஜீன் பிளாண்ஃபோர்டுக்கு அந்த வாரம் முழுவதும் நிம்மதி இருக்காது. காரணம் அவள் கணவன் வெண்டல்.

வெண்டலின் தொழில் நேரம் பிடிப்பது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பந்தய மைதானத்து வேலியோரம் ஸ்டாப்வாட்சோடு போய் நிற்பான். பயிற்சிக்கு ஓடும் குதிரைகள் எத்தனை ஃபர்லாங்கை எத்தனை நொடியில் கடந்தன என்று எழுதிக் கொடுப்பான். பனிமூட்டத்தில் குதிரையின் காதுகூடத் தெரியாது. குளம்புச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவான். நானூறு குதிரைகளை நடையை வைத்து அடையாளம் காண்கிற அந்த மனிதன், சொந்த மச்சினியை அவளுடைய கல்யாணத்திலேயே பார்த்து "நீங்க பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்று கேட்டவன். அது வேறு விஷயம்.

இவ்வளவு தெரிந்தவன் சொல்லும் குதிரை டெர்பியில் ஜெயிக்க வேண்டுமா இல்லையா? முப்பத்தோரு வருஷமாக ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. மூன்றாவதாகக்கூட வரவில்லை. ஒரு வருஷம் அவன் சொன்ன குதிரை தொடக்கக் கதவு திறந்ததும் கொட்டாவி விட்டது. இன்னொரு வருஷம் அவன் சொன்னது பத்து குதிரை நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. வேலியோரம் நின்ற ஒரு சீமாட்டியின் தொப்பியில் நிஜமான செர்ரிப் பழக்கொத்து செருகியிருந்தது. குதிரை நின்றது, பழத்தைத் தின்றது, தொப்பியையும் தின்றது, பிறகுதான் ஓடியது. சீமாட்டி நஷ்ட ஈடு கேட்டாளாம். பொய்யென்றால் தெற்குப் பகுதியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எல்லோரும் நேரில் பார்த்ததாகவே சொல்வார்கள்.

வெண்டலுக்கு ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு. ஈரத்தரை. ஜாக்கியின் அவசரம். எதிர்வெயில். தன் வாயில்தான் கோளாறு என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றாதபடி ஊரே பார்த்துக்கொண்டது.

எப்படியென்றால், டெர்பிக்கு முந்தைய புதன்கிழமை எந்தக் குதிரைக்கு எந்தக் கதவு என்று குலுக்கிப் போடுவார்கள். அன்று மாலை வெண்டல் பக்கத்து வீட்டுக் கிளீட்டஸ் மட் நடத்தும் முடிதிருத்தும் கடைக்குப் போவான். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, இருபது குதிரைகளையும் ஒவ்வொன்றாக அலசி, கடைசியில் ஒரு பெயரைச் சொல்வான். கடை நிரம்பி வழியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இண்டியானாவிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவன் பெயரைச் சொன்னதும் அத்தனை பென்சிலும் ஒரே நேரத்தில் காகிதத்தில் கீச்சென்று இழுபடும். தன் சொல்லுக்கு எத்தனை மதிப்பு என்று வெண்டலுக்கு நெஞ்சு நிறையும். அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கிளீட்டஸ் கைகளைத் தட்டி, "சரிடாப்பா, ஒண்ணு ஒழிஞ்சுது. மீதி பத்தொன்பதைப் பாக்கலாம்" என்பான்.

ஆமாம், அவர்கள் எழுதவில்லை, அடித்தார்கள். வெண்டல் சொன்ன குதிரையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுத்தான் தெற்குப் பகுதியில் டெர்பிக் கணக்கே தொடங்கும்.

இது இமொஜீனுக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குத் தெரியும்.

நேரம் பிடிக்கிறவன் பணம் கட்டும் ஜன்னலில் நிற்கக்கூடாது என்பது வெண்டலின் கொள்கை. டெர்பி அன்று முழுக்க அவனுக்கு நேரம் பிடிக்கும் மேடையில் வேலையும் இருக்கும். அதனால் வருஷாவருஷம் இமொஜீன் கையில் இரண்டு டாலரைக் கொடுத்து, "நம்ம குதிரைமேல போட்டுடு கண்ணு" என்பான். கல்யாணமான முதல் வருஷம் அவள் போடத்தான் போனாள். வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது, செருப்பு கடித்தது, திரும்பிவிட்டாள். குதிரையும் தோற்றது. அந்த இரண்டு டாலரில் ஞாயிற்றுக்கிழமைக்கு உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடைக்கறி வாங்கினாள். வெண்டல் தோல்வியை மறந்து இரண்டு தரம் போட்டுக்கொண்டான். அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். முப்பத்தோரு வருஷமாக அவன் குதிரைமேல் அவள் ஒரு டிக்கெட் எடுத்ததில்லை. முப்பத்தோரு தொடைக்கறி தின்றாயிற்று.

இதைப் பாவமன்னிப்புக் கூண்டில் ஒருமுறை சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் பாதிரியார் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வருஷம் எதைச் சொல்லப் போறார்னு ஏதாவது தெரியுமாம்மா?" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியின் அச்சு முறிந்தது, டார்லாவால்.

டார்லா இமொஜீனின் தங்கை மகள். பத்து வயதிலிருந்து இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். சிகரெட் ஆலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், அதை உதறிவிட்டுக் குதிரை லாயத்தில் வேலைக்குப் போனாள். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று சிரித்தார்கள். ஒரு கிழட்டுப் பயிற்சியாளர் மட்டும் யாருக்கும் வேண்டாத ஒரு பழுப்புக் குதிரையை அவள் கையில் கொடுத்தார். பெயர் சண்டே கிரேவி. அதைத் தேய்த்துவிட்டு, கால் கட்டி, பேச்சுக் கொடுத்து வளர்த்தாள். அது இரண்டு பந்தயம் ஜெயித்து, இந்த வருஷம் டெர்பிக்கே வந்துவிட்டது. நன்றாக ஓடினால் டார்லாவை இனி ஒருவரும் லாயத்தை விட்டு அசைக்க முடியாது. இல்லாவிட்டால் குதிரையை விற்றுவிடுவார்கள். அவள் மறுபடி பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை டார்லா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பூட்சில் சாணம்.

"பெரியம்மா, பெரியப்பா இன்னிக்குக் காலைல கிரேவிய பாத்தாரு."

"பாக்கட்டுமே. அவர் வேலையே அதானே?"

"பாத்துட்டு ஸ்டாப்வாட்ச்சுக்கு முத்தம் குடுத்தாரு பெரியம்மா!"

இமொஜீன் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"அவர் வாயில அந்தப் பேரு வந்துடக்கூடாது. லாயத்துல எல்லாரும் இப்பவே என்கிட்டத் துக்கம் விசாரிக்கிறாங்க. ஜாக்கி பையன் சாப்பிட மாட்டேங்கிறான். நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

"நேரா அவர்கிட்டயே சொல்லிடேன்டி."

"என்னன்னு சொல்றது? 'பெரியப்பா, ஊரே உங்களைச் சனியன்னு நினைக்குது'ன்னா? எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்த மனுஷன். உங்களால முடியுமா?"

முடியாது. இமொஜீனாலும் முடியாது. அந்தப் புதன்கிழமைப் பெருமை ஒன்றுதான் அவனுக்கு வருஷம் முழுக்கப் போதுமான சாப்பாடு.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் வேலையை ஆரம்பித்தாள்.

"அந்த சில்வர் ஜட்ஜ் குதிரை இருக்கே, என்ன கம்பீரம்! பேப்பர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"அழகாத்தான் இருக்கு," என்றான் வெண்டல் உருளைக்கிழங்கை மசித்தபடி. "காலண்டர்ல போட்டு மாட்டலாம். ஒரு மைல்வரைக்கும் பறக்கும். டெர்பி ஒண்ணேகால் மைல். அந்தக் கால் மைல்ல அது வீட்டுக்கு லெட்டர் எழுத உட்காந்துடும்."

"கிரேவிக்குக் காது ரொம்பப் பெருசு. காத்து தடுக்காதா?"

"குதிரை காதாலயா ஓடுது ஜீன்?"

"அதோட அம்மா ஒரு பந்தயமும் ஜெயிச்சதில்லையாமே."

"உங்கம்மாவும்தான் ஜெயிச்சதில்ல. நான் உன்னை வேண்டாம்னா சொன்னேன்?" என்று சிரித்தான். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தான். கண் பளபளத்தது. "முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒரு ஓட்டம் பாத்ததில்ல. அஞ்சு ஃபர்லாங் முடிஞ்சு, ஜாக்கி கடிவாளத்தை இழுத்த பிறகும் அது நிக்க மாட்டேங்குது. இன்னும் வேணும் இன்னும் வேணும்னு ஓடுது. அதுவும் நம்ம டார்லா வளத்தது. இதைச் சொல்லாம நான் வேற எதைச் சொல்ல?"

இமொஜீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புதன்கிழமை மத்தியானம் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். முடி வெட்டிக்கொள்ளத்தானே கடைக்குப் போகிறான்? கொல்லைப்புறம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "இந்த வருஷம் நானே வெட்டிவிடறேன்" என்று கத்தரியை எடுத்தாள். ஒரு மயிர்கூடக் கிளீட்டஸுக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்ற வேகத்தில் வெட்டினாள். முடிந்தபோது வெண்டலின் தலை உரித்த முட்டைபோல இருந்தது. அவன் கண்ணாடியில் பார்த்தான். கோபித்துக்கொள்ளவில்லை. "காத்தோட்டமாத்தான் இருக்கு," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு, "அப்போ ஷேவ் மட்டும் பண்ணிக்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டான்.

ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கடைச் சத்தம் அவளுக்குக் கேட்டது. வெண்டல் கிரேவியின் பெயரைச் சொன்னான். வழக்கமான கீச்சு வரவில்லை. முதல்முறையாகப் பென்சில்கள் தயங்கின. டார்லா அவர்கள் கண் முன்னால் வளர்ந்த பிள்ளையல்லவா? பிறகு ஒன்று கீச்சிட்டது. அப்புறம் எல்லாம்.

வியாழக்கிழமை தெற்குப் பகுதி முழுக்கச் சண்டே கிரேவியைக் கைகழுவியது. வெள்ளிக்கிழமை இண்டியானா கைகழுவியது. ஜெயித்தால் ஒன்றுக்குப் பதினெட்டு என்றிருந்த பந்தய விலை ஒன்றுக்கு நாற்பதாக ஏறியது. அந்தக் குதிரையை இனி நம்புகிறவன் வெண்டல் ஒருவன்தான்.

சனிக்கிழமை விடியலில் அவன் கிளம்பும்போது அவள் கையில் எதையோ திணித்தான். வழக்கமான இரண்டு டாலர் இல்லை. ஐம்பது. புது மழைக்கோட்டுக்குச் சேர்த்துவைத்தது.

"எல்லாத்தையும் கிரேவிமேல, பதினாலாம் நம்பர். நம்ம பொண்ணுக்காக."

பதினோரு மணிக்குள் இமொஜீன் வீட்டுப் புல்வெளியில் டெர்பி பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் ஒன்பது கார்கள் நிறுத்தப்பட்டு, ரோஜாச் செடிமேல் ஒரு சக்கரமும் ஏறிவிட்டது. அவள் தொப்பியை வைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். மத்தியானம் மழை கொட்டித் தரையைக் கூழாக்கிவிட்டு ஓய்ந்தது. ஜன்னல் வரிசையில் போய் நின்றாள். போடவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போட்டால் என்ன ஆகும்? அவன் வாயால் சொன்னது போதாதென்று காசாலும் முத்திரை குத்தி டார்லாவின் குதிரையைக் கவிழ்த்த பாவம் வரும். போடாமல் விட்டால்? தப்பித்தவறி ஜெயித்தால், வெண்டல் கையை நீட்டுவான். அவள் எதைக் கொடுப்பாள்? தொடைக்கறியையா?

பக்கத்து வரிசையில் கிளீட்டஸ்.

"மிஸ் இமொஜீன்! பதினாலை மட்டும் தொட்டுடாதீங்க. டார்லா பாவம், ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. முப்பத்தோரு வருஷம்! ஒரு தடவையாவது தப்பிச்சுதா சொல்லுங்க?"

"உன் வரிசையைப் பாரு கிளீட்டஸ்."

ஆனால் அந்த எண் அவள் காதுக்குள் மாட்டிக்கொண்டது. முப்பத்தோரு வருஷம். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் கணக்குக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கியவள் இமொஜீன். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவள் மூளையும் ஓர் அடி நகர்ந்தது. முப்பத்தோரு வருஷமும் வெண்டல் ஒரு குதிரையைச் சொன்னான். சரி. முப்பத்தோரு வருஷமும் அது தோற்றது. சரி. முப்பத்தோரு வருஷமும் இன்னொன்றும் நடந்ததே. நான் டிக்கெட் எடுக்கவில்லை.

இதில் எது குதிரையைத் தோற்கடித்தது? அவன் சொன்னதா? நான் எடுக்காததா?

கட்டிய மனைவியே நம்பாத மனுஷனின் குதிரை எந்த முகத்தோடு ஜெயிக்கும்? அந்தத் தொப்பியைத் தின்ற குதிரைகூட... கடவுளே, அதைத் தின்னவைத்தது நான்தானா?

"அம்மா, நம்பர்?" என்றாள் ஜன்னலில் இருந்தவள். இமொஜீன் கையிலிருந்த ஐம்பது டாலரைப் பார்த்தாள். "அம்மா, பின்னால நாப்பது பேர் நிக்கிறாங்க. நம்பரா, பாத்ரூமா?"

"பதினாலு," என்று கத்தினாள் இமொஜீன். "ஐம்பதும்! ஜெயிக்கும்னு போடு!"

பக்கத்து வரிசையில் கிளீட்டஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

டெர்பி இரண்டு நிமிஷம்தான். பதினான்காம் நம்பர் முதல் நிமிஷத்தைக் கடைசியாக ஓடியது. இமொஜீன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டுத் தீர்த்து, தெரியாதவர்களையும் கூப்பிட்டாள். சில்வர் ஜட்ஜ் முன்னால் பளபளவென்று பறந்தது. கடைசித் திருப்பத்தில் வேலியோரமாக ஒரு சேற்று உருண்டை நகர்ந்து வந்தது. அதற்குக் காது பெரிதாக இருந்ததால்தான் அவளால் அடையாளம் காண முடிந்தது. ஒன்றைத் தாண்டியது, மூன்றைத் தாண்டியது, கூட்டத்தின் நடுவில் பூனை நுழையும் சந்தில் நுழைந்தது. கால் மைல் மிச்சமிருக்கும்போது சில்வர் ஜட்ஜ் நிஜமாகவே லெட்டர் எழுத உட்கார்ந்துவிட்டது. கோட்டருகே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. படம் பிடித்துப் பார்க்கிறோம் என்று அறிவித்தார்கள். ஒன்றரை லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பலகையில் மேலே ஏறிய எண் பதினாலு. ஒரு மூக்கு முன்னால்.

மேடையில் வெண்டல் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்துவிட்டான். வேலை வாழ்க்கையில் முதல்முறை. கீழே டார்லா முகமெல்லாம் சேறாக, வெற்றிக்கான ரோஜாப் போர்வை போர்த்திய குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் பெரிய காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அவள் தோளில் கைவைத்து எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

வெண்டல் வீட்டுக்கு வந்தபோது அவன் இரண்டடி கூடுதலாக வளர்ந்திருந்தான். புல்வெளியில் கார்களுக்கு நடுவே தெருக்காரர்கள் கூடியிருந்தார்கள். கைகுலுக்கத்தான் நிற்கிறார்கள் என்று கையை நீட்டினான். கிளீட்டஸ் அதைத் தட்டிவிட்டான்.

"என்ன காரியம்யா பண்ணிட்ட! முப்பத்தோரு வருஷமா உன்னை நம்பியிருந்தோமே!"

"நம்பியிருந்தா இன்னிக்கு எல்லாரும் அள்ளியிருப்பீங்களே?" என்றான் வெண்டல் குழப்பத்தோடு.

"அள்ளறதாவது! நீ சொன்னதைத்தானே முதல்ல அடிப்போம்!"

சொன்ன பிறகுதான் கிளீட்டஸ் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தி என்ன பயன்? வெண்டல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எல்லோரும் பூட்சைப் பார்த்தார்கள். வளர்ந்த இரண்டடியும் இறங்கி, இன்னும் ஓரடி உள்ளே போய், அவன் யாருடையதோ காரின் முன்பக்கத்தில் உட்கார்ந்தான். உரித்த முட்டைத் தலை வெயிலில் மின்னியது.

"எத்தனை வருஷமா?" என்றான். மனைவியைத் தேடினான். "ஜீன், நீயாவது...?"

அவள் கையில் டிக்கெட் இருந்தது. ஐம்பது டாலர், பதினான்காம் நம்பர். அதை நீட்டினாள். அவன் முகம் விளக்கேற்றியதுபோல ஆயிற்று. அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"இது ஒண்ணுதான் வெண்டல்."

"எது ஒண்ணுதான்?"

"நான் எடுத்தது. இதுக்கு முன்னால ஒரு வருஷம்கூட எடுக்கல. அந்தக் காசுலதான் ஞாயித்துக்கிழமை தொடைக்கறி."

வெண்டல் அவளையே பார்த்தான். "எல்லா வருஷமும் அந்தத் தொடைக்கறி?"

"எல்லா வருஷமும்."

அவள் வரிசையில் நின்று போட்ட கணக்கை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கணக்கின் முடிவுக்கு வரும்போது அவன் முதுகு நிமிர ஆரம்பித்தது. முடிந்ததும் காரின்மேல் ஏறி நின்றுவிட்டான்.

"கேட்டியாடா கிளீட்டஸ்! என் வாயில ஒரு கோளாறும் இல்ல! முப்பத்தோரு குதிரையும் நல்ல குதிரை! எல்லாம் இவ வேலை!"

"காரைவிட்டு இறங்கு, அது டென்னசிக்காரங்களோடது," என்றாள் இமொஜீன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தோரு குதிரைகளின் பழி தன் தலையில் வந்து விழுந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் காரின்மேல் நின்று கூத்தாடுவது அதைவிட நன்றாக இருந்தது.

ஆனால் தெருக்காரர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றினான். முப்பத்தோரு வருஷமாக வெண்டலிடம் காட்டிய அதே மரியாதையோடு அருகில் வந்தான்.

"மிஸ் இமொஜீன், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் எந்தக் குதிரைக்கு டிக்கெட் எடுக்காம இருக்கப் போறீங்க?"

"எல்லாத்துக்கும்தான்!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

வெளியே புல்வெளியில் நின்ற அத்தனை பேரும், இருபது குதிரைகளும் தோற்கிற ஒரு டெர்பியை மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.